புதுப்பழம் தேடின கிழமை (கொக்குவில் குடும்பம், வாட்ஸ்அப் குழு)

செவ்வாய், 16 செப்டெம்பர் 2025

ரஜி (லண்டன்): எல்லாரும் ஒருக்கா யோசிச்சுச் சொல்லுங்கோ. இந்த வருசம் இன்னும் வாயில வைக்காத பழம் என்ன?

வசந்தன் (ரொறன்ரோ): மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில கேக்கிற கேள்வியே அக்கா இது? ஆர் கேட்டது?

ரஜி: நான் உதவியாளரா நிக்கிற யூதப் பள்ளிக்கூடத்தில எங்கட வகுப்பு ரீச்சர். வாற திங்கள் பொழுதுபட யூத ஆக்களுக்கு வருசம் பிறக்குது. ரோஷ் ஹஷானா. ரெண்டு நாள். ரெண்டாம் நாள் இரவு, அந்தப் பருவத்தில இன்னும் தின்னாத பழம் ஒண்டை மேசையில வைச்சு, இந்த நாள் மட்டும் எங்களை உயிரோட கொண்டந்து சேர்த்ததுக்கு ஆண்டவனுக்கு ஆசீர்வாதம் சொல்லித் தின்னோணுமாம். வருசா வருசம் டிராகன் பழம் வாங்கி அலுத்துப்போச்சாம். "உங்கட தமிழ்க் கடையளில ஏதும் விசேசமா இருக்குமே" எண்டு என்னைப் பிடிச்சிட்டா.

சுகந்தி (ரொறன்ரோ): மாம்பழம்?

ரஜி: ஜூன் மாசமே பெட்டி பெட்டியா முடிச்சிட்டினம் மச்சாள்.

சுகந்தி: வாழைப்பழத்தில கப்பல், இதரை எண்டு ஏதும்?

ரஜி: வருசம் முழுக்கக் கிடைக்கிற சாமான் சரிவராது. அதோட வாழை மரமில்லையாம். மரத்துப் பழத்துக்கு ஒரு ஆசீர்வாதம், நிலத்தில விளையிறதுக்கு வேற ஆசீர்வாதம். வாழையும் அன்னாசியும் நிலத்துப் பக்கம்.

குலம் மாமா (கொழும்பு): சரிதானே. தாவரவியல்படி வாழை மரமில்லை, பூண்டு. அவையளின்ர மதகுருமார், ரப்பிமார், பார்த்துத்தான் வைச்சிருக்கினம்.

அம்மா (கொக்குவில்): 🎤 குரல் பதிவு 1:12

குலம் மாமா: ஆரணி, அக்காவின்ர பதிவை எழுத்தில போட்டுவிடு பிள்ளை. காதுக் கருவி சார்ஜில கிடக்கு.

ஆரணி (லண்டன்): அம்மம்மா சொல்றா, வளவில பனம்பழம் விழுந்து கிடக்குதாம், பொறுக்க ஆளில்லையாம், மாடு சூப்புதாம், அதை அனுப்பட்டோ எண்டு கேக்கிறா. மிச்சம் 50 செக்கன் பக்கத்து வீட்டு மதில் பிரச்சினை.

வசந்தன்: பனம்பழத்தைச் சுட்டு அந்த ரீச்சரின்ர மேசையில வைச்சால் அடுத்த வருசம் உன்னட்டை ஒண்டும் கேக்கமாட்டா அக்கா.

புதன், 17 செப்டெம்பர்

ஆரணி: அம்மா இண்டைக்கும் சோபா ஊதினவையோ?

வசந்தன்: சோபாவை ஏனடி ஊதுகினம்?

ஆரணி: ஷொஃபார் மாமா!! நான் வாயால சொல்லித்தான் ரைப் பண்றனான். போன் சோபா எண்டு போடுது.

ரஜி: ஊதினவை. வருசப் பிறப்புக்கு முந்தின எலுல் மாசம் பிறந்ததில இருந்து, சனி தவிர, ஒவ்வொரு நாளும் விடிய ஊதுகினம். செம்மறிக் கடாவின்ர கொம்பு. மாட்டுக் கொம்பு எடுக்கமாட்டினம். பொன்னால கண்டுக்குட்டி செய்து கும்பிட்ட பழைய பிழையை அது ஞாபகப்படுத்துமாம். நான் சேர்ந்த முதல் வருசம் தீ எச்சரிக்கை எண்டு நினைச்சு மூண்டு பிள்ளையளைக் கையில பிடிச்சுக்கொண்டு வாசலுக்கு ஓடினனான். காவலுக்கு நிண்டவர் சிரிச்சதை இண்டைக்கும் சொல்லிக் காட்டுவினம்.

குலம் மாமா: சங்கு மாதிரியோ?

ரஜி: சங்கு இதமா இருக்கும் மாமா. இது அழுகைபோல. ஒரு நீட்டு. பிறகு மூண்டு விம்மல். பிறகு சின்னன் சின்னனா ஒன்பது வெட்டு. பண்டிகை நாளில தொழுகை மண்டபத்தில 100 தரம் ஊதுவினமாம்.

சுகந்தி: நீங்கள் வகுப்பில பாக்கிற பிள்ளை எப்பிடித் தாங்குது மச்சாள்? சத்தம் எண்டால் அவருக்குப் பயம் எண்டனீங்கள்.

ரஜி: அதுதான் இந்த மாசம் முழுக்க எனக்கு வேலை. முதல் கிழமை நடைக்கு அங்கால, காதை மூடுற கருவியோட, கதவையும் சாத்திக்கொண்டு. ரெண்டாம் கிழமை கதவைத் திறந்து. இண்டைக்கு மண்டபத்து வாசல்படியில என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். நகம் பதிஞ்ச அடையாளம் கிடக்கு.

தேவன் (லண்டன்): பழம் விசயம் என்ன மாதிரி? நான் கடைக்கு வெளிக்கிடுறன்.

ரஜி: இஞ்சருங்கோ, முழுப் பழமா வாங்குங்கோ. வெட்டிப் பெட்டியில போட்டது வேண்டாம். கடைக்காரற்றை கத்தி வேற எதை வெட்டினதோ. முழுப் பழம் எண்டால் கோஷர் முத்திரை, அவையளின்ர சாப்பாட்டுச் சட்டத்துக்குச் சரி எண்ட முத்திரை, தேவையில்லை.

தேவன்: 📷 படம்

ஆரணி: அப்பா, அது வெட்டின பலாச்சுளை. பெட்டியில.

தேவன்: முழுப் பலாப்பழத்தை ஆர் தூக்கிறது? சரி, இதை நாங்கள் தின்னுவம்.

வெள்ளி, 19 செப்டெம்பர்

ரஜி: இண்டைக்கு வகுப்பில ஒத்திகை விருந்து. அப்பிளைத் தேனில தோய்ச்சுத் தின்னுறதுதான் எல்லாருக்கும் தெரியும். எங்கட ரீச்சரின்ர தாய் வழி பக்தாத் ஆக்கள். அவையளின்ர மேசை பெரிசு: பேரீச்சை, மாதுளை, கௌபி, லீக்ஸ், பீற்றூட், பூசணி. எல்லாம் சிலேடையில ஓடுது. லீக்ஸ் "கர்த்தி", வெட்டுறதுக்கும் அதே ஒலி. எங்களை வெறுக்கிறவையை வெட்டிவிடு எண்டு சொல்லித் தின்னுறது. பீற்றூட் "சில்கா": எதிரியள் விலகட்டும். கௌபி "ருபியா": நல்லது பெருகட்டும். மாதுளைக்கு மட்டும் சிலேடை இல்லை. முத்துப் போல புண்ணியம் நிறையட்டும் எண்டு. அதுக்குள்ள 613 முத்து, வேதத்தில 613 கட்டளை எண்டு பிள்ளையள் எண்ணத் தொடங்கினதில மேசை விரிப்புப் போச்சு.

குலம் மாமா: அடடா! இதைக் காளமேகப் புலவர் கேட்டிருந்தால் அந்த மேசையை விட்டு எழும்பியிருக்கமாட்டார்.

ஆரணி: நாங்களும் செய்யலாமே. கத்தரிக்காய்: எதிரியளைக் கத்தரிச்சு விடு.

சுகந்தி: வாழைக்காய்: வாழ வை.

குலம் மாமா: கருணைக்கிழங்கு: கருணை கிடைக்கட்டும். இதுக்கு மேல ஒண்டு கண்டுபிடியுங்கோ பாப்பம்.

வசந்தன்: முருங்கைக்காய்?

சுகந்தி: நீங்கள் சும்மா இருங்கோ.

ரஜி: மீன் தலையும் உண்டு. வாலாக இல்லாமல் தலையாக இருக்கோணும் எண்டு வேண்டுறது. வகுப்பில மீன் வடிவ இனிப்புத்தான் வைச்சது. அதுவும் முத்திரை பாத்து வாங்கினது. வீட்டில செய்த ஒண்டையும் உள்ளுக்கு விடமாட்டினம். கடலை, கச்சான் சாதியும் இல்லை. ஒவ்வாமைக்கு எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சன். இந்தப் பண்டிகைக்கு வேற காரணமும் இருக்காம்: எபிரேயத்தில ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, கொட்டைக்கும் பாவத்துக்கும் அதைக் கூட்டினால், பாவத்தில ஒலிக்காத ஒரு எழுத்தை விட்டுப் பாத்தால், ஒரே எண் வருதாம்.

அம்மா: 🎤 குரல் பதிவு 0:38

ஆரணி: அம்மம்மா: "மீன் தலை எண்டால் விளைமீன்தான். அது உன்ர அப்பப்பாவுக்கும் உன்ர அப்பாவுக்கும் சண்டை வாற சாமான்." பிறகு கேக்கிறா, பழம் கிடைச்சுதோ எண்டு.

தேவன்: விளாம்பழம் ரெண்டு வாங்கியாச்சு! மரத்துப் பழம், முழுசு, ரீச்சர் கனவிலயும் கண்டிராது. கார் முழுக்க வாசம். வேலை முடிஞ்சுது.

சனி, 20 செப்டெம்பர்

ரஜி: வேலை முடியேல்லை. ஒரு விசயம் இப்பத்தான் ஞாபகம் வந்தது. அந்த ரெண்டு நாளும் புளிப்புச் சாமான் தவிர்க்கிற வழக்கமாம். வினாகிரியும் சேர்க்கமாட்டினம். வருசம் இனிக்கோணும் எண்டு. நேற்று வகுப்பில கூடச் சொன்னவ.

தேவன்: சர்க்கரை போட்டுக் குழைச்சால் புளிக்காது.

ரஜி: ஆண்டவன் முன்னால வைக்கிற பழத்துக்குச் சர்க்கரை போட்டு ஏமாத்தச் சொல்றியளோ?

வசந்தன்: அத்தான், கார் வாசம்தான் மிச்சம்.

குலம் மாமா: அன்னமுன்னா? இப்ப பருவம்தானே. இனிப்பு. மரத்துப் பழம். முத்து முத்தா விதையும் இருக்கு.

ரஜி: மாமா! 🙏

தேவன்: அதுக்கு வெம்பிளி போகோணும். ஈலிங் றோட்டில குஜராத்திக் கடையளில சீத்தாப்பழம் எண்டு கிடக்கும். சனிக்கிழமை அங்க கார் விட இடம் கிடைக்காது. போறன்.

தேவன்: 📷 படம்

ஆரணி: அப்பா ஒரு பெட்டி வாங்கியிருக்கிறார். 12 பழம். எல்லாம் கல்லு மாதிரி.

ரஜி: செவ்வாய் இரவுக்குப் பழுக்குமோ?

அம்மா: 🎤 குரல் பதிவு 2:05

ஆரணி: சுருக்கமா. அரிசிச் சாக்குக்குள்ள புதைச்சு வையுங்கோ. நாளுக்கு ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ, அமத்தாதையுங்கோ. கண் விரிஞ்சு இடைவெளி வெள்ளையா இருக்கிற பழத்தை எடுங்கோ, மற்றது பழுக்காது, வெம்பிப் போகும். பிறகு மதில்.

சுகந்தி: பழுக்காட்டில் என்ன செய்யிறது?

ரஜி: புதுப்பழம் கிடைக்காட்டில் புது உடுப்புப் போட்டும் அந்த ஆசீர்வாதத்தைச் சொல்லலாமாம்.

சுகந்தி: எங்கட தீபாவளி மாதிரி எண்டு சொல்லுங்கோவன்.

ஞாயிறு, 21 செப்டெம்பர்

குலம் மாமா: இண்டைக்கு மகாளய அமாவாசை. நாளைக்கு எங்களுக்கு நவராத்திரிக் கும்பம். நாளைக்கே அவையளுக்கும் வருசம். ரெண்டும் சந்திரக் கணக்கு, ரெண்டுக்கும் அமாவாசை கழிஞ்ச பிறையில தொடக்கம். போன வருசமும் ஒக்டோபர் 3 எண்டு ஒண்டாத்தான் வந்தது. ஆனால் 2023இல ஒரு மாசம் இடைவெளி. அவையள் 19 வருசத்துக்கு 7 தரம் ஒரு மாசம் கூட்டுவினம். எங்கட பக்கமும் அதிக மாசம் எண்டு கூட்டுறது, ஆனால் கூட்டுற இடம் வேற. 2026இலயும் விலகித்தான் வரும்: அவையளுக்கு செப்டெம்பர் 12, எங்களுக்கு ஒக்டோபர் 11.

வசந்தன்: மாமா பஞ்சாங்கத்தைத் திறந்திட்டார். எல்லாரும் கதிரையில இருங்கோ.

குலம் மாமா: இரு தம்பி. அவையளுக்குப் பிறக்கிறது 5786ஆம் வருசம். எங்கட கலியுகத்தைவிட அறுநூற்றுச் சொச்சம் மூப்பு. இன்னொண்டு: அவையளின்ர பழைய வேதத்தில சாலமோன் ராசாவுக்குக் கப்பலில வந்த சாமானுக்குள்ள "துக்கி" எண்டு ஒரு பறவை. அது எங்கட தோகை எண்ட சொல், மயில் எண்டு அறிஞர் பலர் சொல்லுகினம்.

ரஜி: மாமா, வகுப்புச் சுவரில "தூக்கி" எண்டு எபிரேயத்தில எழுதிக் கிளிப் படம் ஒட்டியிருக்கு!

குலம் மாமா: இப்பத்த எபிரேயத்தில அதுக்குக் கிளி எண்டு கருத்து மாறிப்போச்சு. மயில் போய்க் கிளி ஆகிவிட்டுது, என்ன செய்யிறது.

ரஜி: அம்மா, உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். வருசப் பிறப்பில ஆண்டவன் ஏடு திறந்து ஆர் இருக்கிறது, ஆர் போறது எண்டு எழுதுவராம். பத்தாம் நாள், பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில, முத்திரை வைப்பாராம்.

அம்மா: 🎤 குரல் பதிவு 0:21

ஆரணி: "அது சித்திரபுத்திரனார் வேலையெல்லே? அங்கயும் அவர்தானோ?"

ரஜி: அங்க கணக்கப்பிள்ளை இல்லையம்மா, முதலாளியே எழுதுறார். இந்தப் பத்து நாளுக்குள்ள ஆரையும் நோகடிச்சிருந்தால் அவையளிட்டைப் போய் மன்னிப்புக் கேக்கோணும். ஆண்டவனிட்டைக் கேட்டால் அந்தக் கணக்குத் தீராது. எடுத்த சாமானையும் திருப்பிக் குடுக்கோணும்.

சுகந்தி: மச்சாள், 2019இல ரொறன்ரோவில இருந்து கொண்டுபோன என்ர இடியப்ப உரல்.

ரஜி: 🙈

வசந்தன்: நான் இதில இல்லை.

திங்கள், 22 செப்டெம்பர்

ரஜி: மூண்டு பழம் கனிஞ்சிட்டுது. விடிய ரீச்சரிட்டைக் குடுத்தன். மூக்கில வைச்சு மணந்து பாத்திட்டு, மேடு பள்ளத்துக்குள்ள பூச்சி இருக்கோ எண்டு தூரிகையால துடைச்சுப் பாத்தா. பிறகு ஒவ்வொண்டையும் காகிதத்தில சுத்தி, பிள்ளையைத் தூக்கிறமாதிரித் தூக்கிக்கொண்டு போனா. மத்தியானத்தோட பள்ளிக்கூடம் விட்டாச்சு. இனிப் புதன் இரவு மட்டும் அவ போன் தொடமாட்டா.

சுகந்தி: பிள்ளை எப்பிடி?

ரஜி: அதைச் சொல்லத்தான் வந்தனான். இண்டைக்குத் தானே காது மூடுறதை எடுத்து மாட்டிக்கொண்டு, தானே போய் வாசல்படியில நிண்டார். ஆனால் பண்டிகைக்கு முதல்நாள் ஊதமாட்டினம். ஒரு நாள் விட்டுத்தான் பண்டிகை ஊதல். இது எனக்கும் மறந்துபோச்சு. எல்லாரும் பாடி முடிச்சு வகுப்புக்குப் போகினம், இவர் அசையேல்லை. காதில மாட்டினதைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு, "கொம்பு எங்க மிஸ்?" எண்டு கேட்டார். மூண்டு தரம் கேட்டார்.

சுகந்தி: ஐயோ. என்ன சொன்னனீங்கள்?

ரஜி: நாளைக்கு அப்பாவோட போனால் கேக்கலாம் எண்டன். தாய் வாசலில நிண்டு அழுதிட்டா. இவ்வளவு வருசமும் அந்த நேரத்தில ஒராள் பிள்ளையோட வெளியில நிக்கிறதாம்.

அம்மா: 🎤 குரல் பதிவு 0:09

ஆரணி: "கும்பம் வைச்சிட்டன். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பூப் போட்டிருக்கிறன்."

புதன், 24 செப்டெம்பர்

தேவன்: மிச்சம் ஒன்பது பழமும் ஒரே நாளில கனிஞ்சு நிக்குது. மூண்டு நேரமும் இதுதான் சாப்பாடு. ஆராவது வாங்கோ.

ரஜி: ரீச்சர் எழுதியிருக்கிறா!! இருட்டினதும் முதல் வேலை எனக்குத்தான் எழுதினாவாம். அப்பிடியே போடுறன்: "ஷானா தோவா மிஸ். எங்கட மேசையில ஒருத்தருக்கும் இதை எப்பிடித் தின்னுறது எண்டு தெரியேல்லை. என்ர அப்பா கத்தியும் முள்ளும் எடுத்தார். பிறகு எல்லாத்தையும் வைச்சிட்டுக் கையால பிய்ச்சுத் தின்னத் தொடங்கினார். சின்னவை விதையை எண்ணினவை. ஒரு பழத்தில 41. 613க்கு இன்னும் 14 பழம் வேணுமாம்."

தேவன்: அனுப்புறன்! ஒன்பது இருக்கு!

ஆரணி: பண்டிகை முடிஞ்சுது அப்பா.

ரஜி: பிள்ளையின்ர தாயும் எழுதினவ. நேற்று உள்ளுக்கு நிண்டவராம். கடைசி நீட்டு ஊதலுக்கு மட்டும் தகப்பனின்ர சால்வைக்குள்ள தலையை விட்டவராம்.

அம்மா: 🎤 குரல் பதிவு 0:33

ஆரணி: அம்மம்மாவுக்குச் சந்தோசம். விதையை எறியவேண்டாமாம், அரைச்சுத் தலையில பூசினால் பேன் ஓடிப்போகுமாம், பள்ளிக்கூடத்துக்கும் சொல்லட்டாம்.

ரஜி: அம்மா, அது கண்ணில பட்டால் ஆபத்து. பள்ளிக்கூடத்துக்கு ஒண்டும் சொல்லேல்லை.

சுகந்தி: மச்சாள், யோம் கிப்பூர் எப்ப?

ரஜி: 2ஆம் திகதி. எங்கட விசயதசமி அண்டைக்கு. ஏன்?

சுகந்தி: முத்திரை வைக்க முதல் உரல் வந்து சேருமோ எண்டு பாத்தன்.