வீட்டுக்காரர் குணத்தை எவ்வளவு தூரம் ஏத்துக்கிறது?

அம்மாபேட்டைத் தறி:
கவுன்சலிங் போனா "அவர் குணத்தை ஏத்துக்கப் பழகுங்க"ன்னு சொல்றாங்க. அப்போ வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா? செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறையில வேலை முடிச்சு, போன்கூடப் பண்ணாம ராத்திரி பத்துக்கு வர்றதும், வீட்ல சொல்லாம தம்பிக்குப் பணம் கொடுக்கிறதும் ஒண்ணாங்க? எதை விடுறது, எதைப் பேசுறது?

கொண்டலாம்பட்டி ரவுண்டானா:
ஒண்ணில்லைங்க. ஏத்துக்கப் பழகச் சொல்ற இந்தக் கவுன்சலிங் முறையை உருவாக்கினவங்க அமெரிக்காவுல ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன், நீல் ஜேக்கப்சன்னு ரெண்டு உளவியல் நிபுணர்கள். அதுக்கு முந்தின சிகிச்சையில நடத்தையை மாத்துறதுதான் குறி. ரெண்டையும் 134 தம்பதிகள்கிட்ட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2005-ல வெளியான முடிவு: சிகிச்சையோட முதல் பாதியில நடத்தை மாற மாற திருப்தி கூடுச்சு, பின்பாதியில ஏத்துக்கிற மனசு கூடினதுதான் திருப்தியோட அதிகமா ஒத்துப்போச்சு. அதனால மாறச் சொல்லிக் கேட்கவே கூடாதுன்னு இல்லை.

அவங்க கேள்வித்தாள்ல ஒவ்வொரு நடத்தைக்கும் ரெண்டு எண்: போன மாசம் எத்தனை தடவை, அதை எவ்வளவு ஏத்துக்க முடியுது (0 முதல் 9 வரை). வீட்லயும் ஆளுக்கொரு தாள்ல எழுதலாம். லேட்டா வந்தது 20 தடவை, மார்க் 6-ன்னா விட்டுடுங்க. பணம் ஒரே தடவை, மார்க் 1-ன்னா பேச வேண்டியது அதைத்தான். நாம பாட்டுக்கு எண்ணிக்கையை வெச்சே சண்டை போட்டுட்டு இருப்போம்.

ஏற்காடு மிளகு:
அந்தத் தாளைக் குற்றப்பத்திரிகை ஆக்கிடாதீங்க. சாப்பிடாம வந்து நிக்கிற ஆள்கிட்ட நீட்டவே கூடாது. "உங்களுக்கு எப்பவும் தம்பிதான்"னா அவர் தம்பிக்கு வக்கீலாயிடுவார். "ஸ்கூல் ஃபீஸ் கட்ட முடியாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு"ன்னா காது கொடுப்பார். அப்புறம், சண்டை எங்க தொடங்குது, யார் குரல் உசருது, யார் எழுந்து போறாங்கன்னு ரெண்டு பேரும் சேர்ந்து வரிசையாச் சொல்லிப் பாருங்க. யார் பக்கம் நியாயம்ங்கிற பேச்சே வேண்டாம். பணத்துக்கு ஒரு தொகை வெச்சுக்கங்க, அதுக்கு மேலன்னா முன்கூட்டிச் சொல்லிடணும்.

அம்மாபேட்டைத் தறி:
மாமியார் கூட இருக்கிற வீடுங்க. அவங்க முன்னாடி பேசலாமா?

ஏற்காடு மிளகு:
வேண்டாங்க. அம்மா முன்னாடி இறங்கி வர மனசு வராது. கோரிமேடு வரைக்கும் வண்டியில போய்ட்டு வாங்க, போதும்.

அஞ்சு ரோடு:
அடி, மிரட்டல், சம்பளத்தைப் பிடுங்கிக்கிறது, இதுக்கெல்லாம் மார்க் போடாதீங்க. அந்த ஆய்வுலயே அடிதடி கடுமையா இருந்த தம்பதிகளைச் சேர்க்கலை. 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி செலவுக்குக் காசு தராம முடக்குறதும் வன்முறைதான். பெண்கள் உதவி எண் 181-க்கு எந்நேரமும் கூப்பிடலாம். பயத்துல 7-ன்னு எழுதுறவங்களும் உண்டுங்க. கவுன்சலர் ரெண்டு பேரையும் தனித்தனியா உட்கார வெச்சுக் கேட்காம ஆரம்பிச்சா, அந்த இடத்தை மாத்திக்கங்க.