மங்கா (ஜப்பான் காமிக்ஸ்) ரசிகர்கள்கிட்ட மாட்டின கதைகள், உங்களுது என்ன?

நானே ஆரம்பிக்கிறேன். டோக்கியோல எங்க ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அம்பது தாண்டியிருக்கும், வேலை உண்டு தான் உண்டுன்னு இருப்பாங்க. ஊர்ல இருந்து புதுசா வந்த நம்ம பையன் ஒருத்தன், எல்லாரும் சாயங்காலம் குடிக்கப் போன இடத்துல கெத்தா "நான் ஷோனென்லாம் தொடுறதே இல்ல, அது சின்னப் பசங்க சமாச்சாரம், சீனென் மட்டும்தான்"னு எடுத்து விட்டான். ஷோனென்னா பசங்களுக்கான மங்கா, சீனென்னா வளர்ந்த ஆம்பளைங்களுக்கானது. அந்தம்மா கிளாஸைக் கீழ வச்சுட்டு என்ன படிச்சிருக்கன்னு கேட்டாங்க. வின்லாண்ட் சாகான்னான். அது 2005ல வாராந்திர ஷோனென் மேகசின்ல ஆரம்பிச்சதுப்பா, வாராவாரம் அந்த அளவுக்கு இழைச்சு வரைய முடியாம அதை வரைஞ்ச யுகிமுரா அந்த வருஷக் கடைசிலயே ஆஃப்டர்நூன்னு மாசப் பத்திரிகைக்கு மாத்திக்கிட்டாரு, அதுதான் சீனென் பத்திரிகை, அப்ப அதுல ஹீரோ தோர்ஃபின் எந்தப் பக்கத்துல இருந்து பெரிய மனுஷன் ஆனான்னு கேட்டாங்க பாருங்க, மேஜையே சிரிச்சிருச்சு.

பையன் விடல. சரி டெத் நோட்னான். அது 2003ல இருந்து 2006 வரைக்கும் ஷோனென் ஜம்ப்ல, ஒன் பீஸ் வந்த அதே புக்குல வந்தது. அப்புறம் அந்தம்மாவே கே-ஆன்!னு ஒண்ணு சொன்னாங்க, ஸ்கூல் பொண்ணுங்க கேக் சாப்பிட்டுக்கிட்டு நடுநடுவுல கிட்டார் வாசிப்பாங்களே, அது வந்தது மங்கா டைம் கிராரா, கணக்குப்படி சீனென்! நம்மாளு மூஞ்சி போன போக்கு இருக்கே.

மறுநாள் லஞ்ச்ல ரெண்டு பத்திரிகைய கொண்டாந்து பக்கத்துல பக்கத்துல விரிச்சு வச்சாங்க. ஜம்ப்ல ஒவ்வொரு கான்ஜிக்கும் (சீன எழுத்து) ஒட்டினாப்ல பொடி எழுத்துல கானா (உச்சரிப்பைக் காட்டுற எழுத்து) போட்டிருக்கு, ஸ்கூல் பையன் படிக்கணும்ல. பேப்பர் பழைய பேப்பரை அரைச்ச மாதிரி சொரசொரன்னு, கொஞ்சம் பக்கம் பச்சை கொஞ்சம் பக்கம் ரோஸ். இன்னொன்னுல அந்தப் பொடி எழுத்து பெரும்பாலும் இல்ல. வித்தியாசம் இங்கதான்னாங்க, ஷோனென் சீனென்ங்கிறது எந்தப் பத்திரிகை யாருக்கு விக்குதுன்ற கணக்கு, கதையோட தரத்துக்குக் குடுத்த மார்க் இல்ல. ஜம்ப் உள்ள இருக்கிற போஸ்ட் கார்டையும் காட்டினாங்க, பிடிச்ச மூணு தொடரைக் குறிச்சு அனுப்பணும், ஓட்டு விழாததை சில மாசத்துலயே ஊத்தி மூடிடுவாங்க. எதைப் பாத்தாலும் சண்டை, டோர்னமெண்ட், அதைவிடப் பெரிய வில்லன்னு போறதுக்கு இந்தக் கார்டுதான் பாதிக் காரணம்னு அந்தம்மா கட்சி, நானும் அந்தக் கட்சிதான். டிராகன் பால், ஸ்லாம் டங்க் ரெண்டும் ஓடினப்ப, 1995 புத்தாண்டு சமயத்து இதழ் மட்டும் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி, ரெண்டும் முடிஞ்சதும் 1997லயே ஷோனென் மேகசின் முந்திடுச்சு. இவ்ளோ பேருக்குப் பிடிக்க வைக்கிறதும் ஒரு கலைதானே, சின்னப் பசங்க சமாச்சாரம்னு எப்படிங்க தள்ளுறது.

*

சூப்பர் அந்தம்மா. என் கதை கியோட்டோல.

எங்க லேப்ல ஒருத்தர், நல்லவர்தான், ஆனா ஷோஜோன்னாலே, அதாவது பொண்ணுங்களுக்கான மங்கான்னாலே, "கண்ணு பெருசா இருக்கும், பூ பறக்கும், அழுவாங்க, அவ்ளோதானே"ன்னு ஒரே பாட்டு. ஜப்பானீஸ் நல்லா படிப்பாரு, அதனால சாக்கு சொல்லவும் முடியாது. ஒரு ஞாயித்துக்கிழமை கியோட்டோ மங்கா மியூசியத்துக்கு இழுத்துட்டுப் போனேன். அது பழைய ஆரம்பப் பள்ளிக் கட்டடம், 2006ல மியூசியம் ஆக்கினாங்க, இன்னும் ஸ்கூல் மாதிரியே மரத்தரை கிறீச்சுங்கும், சுவர் முழுக்க மங்கா, வேணுங்கிறதை உருவிட்டு வெளிய புல்தரையில படுத்துட்டே படிக்கலாம். ஹாகியோ மோட்டோன்னு மங்கா வரையுற அம்மாவோட "பதினோரு பேர் இருக்காங்க" கையில குடுத்தேன். 1975, பேசாத்சு ஷோஜோ காமிக்னு பொண்ணுங்க பத்திரிகைல வந்தது. விண்வெளி அகாடமிக்கு என்ட்ரன்ஸ், ஒரு கப்பலுக்குப் பத்துப் பேர், உள்ள போய் எண்ணிப் பாத்தா பதினொண்ணு. யார் அந்த எக்ஸ்ட்ரா ஆள்? மனுஷன் எந்திரிக்கவே இல்ல, ரெண்டு மணிக்கு சாப்பிடக் கூப்டா "இரு இரு"ங்கிறார்.

முடிச்சிட்டு அவர் சொன்னது, "இது ஷோஜோ இல்ல, இது சயின்ஸ் ஃபிக்ஷன்". இதான் எனக்கு ஆத்திரம் வர்ற இடம். பிடிக்காத வரைக்கும் ஷோஜோ, பிடிச்சதும் வேற என்னமோ ஆயிடும்! ஹாகியோ, தாகேமியா கேய்கோ, ஓஷிமா யூமிகோ எல்லாம் 1949ஐ ஒட்டிப் பொறந்த பொண்ணுங்க செட்டு, அவங்க வர்றதுக்கு முன்ன பொண்ணுங்க பத்திரிகைலயே ஆம்பளைங்கதான் நிறைய வரைஞ்சுக்கிட்டிருந்தாங்க, மங்கா ஜாம்பவான் தெசுகாவோட ரிபன் நோ கிஷி கூட 1953ல ஷோஜோ கிளப்ல வந்ததுதானே. இவங்க வந்து கட்டத்தையே உடைச்சாங்க, மனசுக்குள்ள ஓடுற பேச்சை பலூன் இல்லாம பக்கம் முழுக்கப் பரப்பி விட்டாங்க, ஒரு கட்டத்து மேல இன்னொரு கட்டம் ஏறி நிக்கும். இன்னைக்கு எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் இது இருக்கு. 1975 டிசம்பர்ல முதல் கோமிகெட், அதாவது ரசிகர்களே போட்ட புக்கை விக்கிற சந்தை, நடந்தப்ப 32 குழு, ஏறக்குறைய 700 பேர், அதுல ரொம்பப் பேர் ஹாகியோ மாதிரி ஆளுங்களோட விசிறிங்களான ஸ்கூல் பொண்ணுங்க. ஓட்டாக்கு (வெறி ரசிகர்)ன்னா ஆம்பளைப் பசங்கன்னு பேசுறவங்க இதைக் கொஞ்சம் படிச்சிட்டு வந்தா தேவலை.

(அதே ஆளுக்கு ரொம்பப் பிடிச்சது ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட். வரைஞ்சது ஹொக்கைடோ மாட்டுப்பண்ணைல வளர்ந்த ஒரு பொண்ணுன்னு சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சையே காணோம்.)

*

நீங்க எல்லாம் சின்னவங்க. நான் முத்து காமிக்ஸ்ல இரும்புக்கை மாயாவிய வாடகை லைப்ரரில எடுத்து, ராத்திரியோட ராத்திரியா முடிச்சு காலைல குடுத்தவன், அதனால இதைக் கேட்டப்ப ஒரு மாதிரி ஆயிட்டேன். பொண்ணைப் பாக்க டோக்கியோ போனப்ப மாப்பிள்ளை தோகிவா-சோ மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. தெசுகா, ஃபுஜிகோ ஃபுஜியோ, இஷினோமோரின்னு பெரிய மங்கா ஆளுங்க எல்லாம் குடியிருந்த மரவீடு, 1982ல இடிச்சுட்டாங்க, 2020ல அச்சு அசலா அதே மாதிரி கட்டியிருக்காங்க, பொதுச் சமையல்கட்டுல அழுக்கு வரைக்கும் விடல!

அங்க என் வயசு ஜப்பான்காரர் ஒருத்தர் சுத்திப் பாத்துட்டு இருந்தாரு. மாப்பிள்ளை மொழிபெயர்க்க அவர் சொன்னது, இவங்க எல்லாம் எங்களுக்கு இல்லய்யா, கிராமத்துல இருந்து ஃபேக்டரிக்கு வந்த பசங்க நாங்க, நாங்க படிச்சது வாடகைக் கடைல வர்ற கெகிகா, பெரியவங்களுக்கான படக்கதை. தாட்சுமி யோஷிஹிரோ 1957ல வச்ச பேரு அது, குழந்தைங்க மங்காவோட எங்களைச் சேக்காதீங்கன்னு தனியாப் பிரிஞ்சாங்க. 1964ல காரோ பத்திரிகை வந்து ஷிராட்டோ சான்பெய் காமுய் தொடரைப் போட ஆரம்பிச்சதும் காலேஜ் பசங்களே தூக்கி வச்சுக் கொண்டாடியிருக்காங்க. தெசுகாவுக்குத் தாங்கல, 1967ல கோம்னு தானும் ஒரு பத்திரிகை தொடங்கிட்டாரு. மாப்பிள்ளை தெசுகா பக்தர், அவருக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு, 1970ல பிக் காமிக்னு பெரியவங்க பத்திரிகைல கிரிஹிட்டோ வரைஞ்சவரை குழந்தைங்க ஆளுன்னு சொல்லாதீங்கன்னு அங்கயே பிடிச்சுக்கிட்டாரு. பெரியவர் அசரல. அதை வரைய வச்சதே நாங்கதான்னுட்டாரு!

எனக்கு ரெண்டு பேர் சொன்னதும் சரின்னுதான் படுது. போட்டி இல்லேன்னா அந்த மனுஷன் அந்தப் பக்கம் திரும்பியிருப்பாரான்னு சந்தேகம்தான்.

*

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் எதிர்க்கட்சியா பேசிக்கிறேன். பத்திரிகைதான் எல்லாம்னு சொல்றீங்க, நான் ஒரு ஜம்ப்பைக் கையில தொட்டதே இல்ல. மங்கா பிளஸ் ஆப்புல 2019ல இருந்து ஜப்பான்ல வர்ற அன்னைக்கே புது சாப்டர் ஓசில வருது, அதுல வளர்ந்த ஆளு நான். ஸ்பை ஃபேமிலி அச்சுப் பத்திரிகைலயே வரல, ஜம்ப் பிளஸ் ஆப்புல வந்தது. அப்ப போஸ்ட் கார்டு எங்க, சொரசொரப் பேப்பர் எங்க? எங்களுக்கு ஷோனென்ன்னா ஒரு மூடு, நண்பன், வெறி, மேல மேல போறது. தப்பா இருந்தாலும் அப்படித்தான் புரிஞ்சுக்கிறோம், கோடிப் பேர் அப்படிப் பேசினா அதுவும் ஒரு அர்த்தம்தானே.

சென்னை காமிக் கான்ல க்யூவுல நருட்டோ வில்லன் கும்பலோட அகாட்சுகி கோட் போட்ட ஒருத்தன்கிட்ட இதையே சொன்னேன், அந்த வெயிலுக்கு அந்தக் கோட்டே பெரிய தியாகம், ஆனா அவன் கரெக்டா உங்க அக்கவுண்ட்ஸ் அம்மா கட்சி. இன்னைக்கு வரைக்கும் வாட்ஸ்அப்புல அடிச்சுக்கிறோம். பெர்செர்க் பெருசா வாகபாண்ட் பெருசா, பெர்செர்க் வரைஞ்ச மியூரா போனப்புறம் தொடரை நண்பர் தொடர்ந்தது சரியா தப்பா, எதுலயும் ஒத்துவராது. ஆனா 2015ல நிறுத்தின வாகபாண்டை இனோவே எப்ப முடிப்பாருன்னு கேட்டா மட்டும் ரெண்டு பேரும் ஒரே மாதிரி அழுவோம்.