புதுப்பிப்பு: ஓட்டாமல் நிற்கும் அப்பாவின் காருக்குக் காப்பீடு

கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா வண்டி ஓட்டுவதில்லை, கார் எட்டு மாதமாகப் போர்டிகோவிலேயே நிற்கிறது, காலாவதியான காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "ஓடாத வண்டிக்கு எதற்கு?" என்றார்கள் பலர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

புதுப்பித்துவிட்டேன், காலாவதியான 71-ஆம் நாளில். 90 நாள் தாண்டியிருந்தால், அப்பா ஒரு இழப்பீடும் கோராமல் சேர்த்த 50 சதவீத போனஸ் தள்ளுபடி முழுவதும் போயிருக்கும். அது அவருடைய பல வருட நிதானத்தின் பலன். என் சோம்பலால் அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

இடைவெளி விழுந்ததால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் நேரில் வந்தார். பானெட்டைத் திறந்ததும் பேட்டரிக்குப் பக்கத்தில் தேங்காய் நாரும் கிழிந்த துணியுமாக எலிக்கூடு. இரண்டு ஒயர்கள் செம்பு தெரியக் கடிபட்டிருந்தன. ஏற்கெனவே இருக்கும் சேதம் என்று குறித்துக்கொண்டார். அந்தச் செலவு எங்களுடையதுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு வண்டியைப் பொது இடத்தில் பயன்படுத்துவதற்குத்தான் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீட்டை, கட்டாயமாக்குகிறது. ஆனால் மெக்கானிக் கடைவரை ஓட்டினாலும் அது பொது இடம்தான். தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் நிற்கிற வண்டியையும் விடாது. அதற்குச் சொந்தச் சேதக் காப்பீடும் வேண்டும். எங்கள் தெருவில் மழைநீர் படியேறும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எடுத்தேன்.

ஞாயிறுதோறும் இப்போது அப்பாவே வந்து எஞ்சினை இயக்கிப் பார்க்கிறார்.