பம்பாய் மாடி பஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கிங்ஸ் சர்க்கிள்காரன்

நரிமன் பாயிண்டில் புது ஏசி மாடி பஸ்ஸைப் பார்த்ததிலிருந்து பழைய சம்பவம் ஒன்று மனதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. எண்பதுகளின் நடுவில், ஜூலை மழை. வி.டி. ஸ்டேஷனிலிருந்து (இன்றைய சி.எஸ்.எம்.டி.) சயான் பக்கம் போகும் பஸ்ஸில் மேல்தளத்து முன் சீட்டில் இருந்தேன். மழை பெய்தால் காந்தி மார்க்கெட் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பின்படியைத் தாண்டித் தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் புகுந்துவிட்டது. கீழே இருந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏற ஆரம்பித்தார்கள்.

மேலே யாரும் நிற்கக் கூடாது, அது கண்டிப்பான விதி. கண்டக்டர் "பஸா, பஸா" (உட்காருங்கள்) என்று மராத்தியில் கத்திக்கொண்டே ஒவ்வொருவரையும் உட்கார வைத்தார். இருவர் சீட்டில் மூவர், நடைபாதை முழுக்கத் தரையில் ஆட்கள். ஒரு குஜராத்திப் பாட்டி என் காலடியில் உட்கார்ந்து, கேட்காமலேயே காய்கறிப் பையை என் மடியில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே டாக்சிகளின் மஞ்சள் கூரைகள் மட்டும் தெரிந்தன. நான் என் ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். அவர் சயானுக்கும் அப்பால் போக வேண்டியவர். எப்படிப் போய்ச் சேர்ந்தாரோ என்று இன்றைக்கும் நினைப்பு வருகிறது.

லண்டன் வண்டி என்பதால்தான் அத்தனை தண்ணீரிலும் எஞ்சின் நிற்கவில்லை.

வடாலா பழைய ஆள்

தம்பி, லண்டன் வண்டி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் திருத்தாமல் என்னால் மேலே போக முடியவில்லை. 1937-இல் பம்பாயில் மாடி பஸ் தொடங்கியபோது நீங்கள் சொல்வது பொருந்தலாம். நீங்கள் ஏறியது எண்பதுகளில். 1967-இலேயே அசோக் லேலண்டின் டைட்டன் வந்தாயிற்று, நம் எண்ணூர் கம்பெனி. சிவப்பு நிறத்தையும் மாடியையும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் லண்டன் கணக்கில் எழுதாதீர்கள். இப்போது ஓடும் மின்சார வண்டியும் அதே லேலண்டின் துணை நிறுவனமான ஸ்விட்ச் செய்ததுதான்.

இன்னொன்று. மாடியில் ஏறிப் போகும் பழக்கம் பம்பாய்க்கு பஸ்ஸால் வரவில்லை. 1920-லிருந்தே மாடி டிராம் ஓடியது. முதல் மோட்டார் பஸ்ஸே 1926 ஜூலை 15 அன்றுதான், ஆப்கான் சர்ச்சிலிருந்து கிராஃபோர்ட் மார்க்கெட்டுக்கு. கடைசி டிராம் 1964 மார்ச் 31 இரவு, போரிபந்தரிலிருந்து தாதருக்கு. அதைப் பார்க்க அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். சாலையின் இரு பக்கமும் ஜனம். அப்பா அழுததை நான் முதல் தடவையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். டிராமுக்காக ஒரு பெரிய மனிதர் அழுவாரா என்று அப்போது புரியவில்லை.

கண்டக்டர் மகன்

என் அப்பா கண்டக்டர். பெரும்பாலும் மேல்தளத்து டியூட்டி. வண்டிக்கு டிரைவர் ஒருவர், கண்டக்டர் இருவர் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்படியும் ஏணிப்படியும் கீழ்க் கண்டக்டரின் கண்முன்னால் இருப்பதால் மணி அவர் கையில்தான். ஒரு அடி என்றால் நில், இரண்டு அடி என்றால் போ.

பள்ளி லீவில் ஒருநாள் அப்பாவோடு மேலே உட்கார்ந்திருந்தேன், குர்லா–அந்தேரி ரூட் 332. ஒரு கர்ப்பிணி ஏணிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார், பாதிப் படி தாண்டவில்லை. கீழே கூட்டம், கீழ்க் கண்டக்டர் கவனிக்காமல் இரண்டு அடி கொடுத்துவிட்டார். வண்டி நகர்ந்தது. அப்பா டிக்கெட் பெட்டியைப் போட்டுவிட்டு இரண்டே எட்டில் போய் அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்தார், காலால் தரையில் ஓங்கி ஓர் உதை. அந்தச் சத்தம் கேட்டுக் கீழே ஒற்றை மணி அடித்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை, சிதறின சில்லறையைப் பொறுக்கினார்.

பெரியவரே, எந்தக் கம்பெனி செய்தது என்பது முக்கியம்தான். ஆனால் அந்த வண்டியை ஓட்டியது இந்த மூன்று பேர். மூன்று சம்பளம் கட்டுப்படியாகாது என்று சொல்லியே மாடி பஸ்ஸைக் குறைத்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய 900 வண்டிகள் இருந்த ஊர் இது.

செம்பூர் மீனா

எனக்குக் கல்யாணமாகி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த புதிது. லால்பாக்கில் டிராஃபிக்கில் பஸ் நின்றது. சாலையை ஒட்டின சாலின் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் பம்பாய்க் குடியிருப்பு) முதல் மாடி வராந்தா என் முகத்துக்கு நேர் எதிரே. ஒரு அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நீட்டினால் தொடலாம். அவர் நிமிர்ந்து பார்த்தார், நான் பார்வையைத் திருப்பவில்லை. என் கழுத்து மஞ்சள் கயிறைக் காட்டி, புதுசா என்பது போல் தலையை ஆட்டினார். ஆமாம் என்றேன், தமிழில். சிரித்தார். பஸ் நகர்ந்துவிட்டது.

அந்த ஊரில் அதுவரை என்னிடம் யாரும் சிரித்திருக்கவில்லை. இப்போது அந்தச் சாலைக்கு மேலே ஃபிளைஓவர் போகிறது.

டிக்கெட் சேகரிப்பவன்

அக்கா எழுதியது அருமை. என்னுடையது சின்னது: ரூட் 123, கடலோர மெரின் டிரைவ், கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியை டிக் டிக் என்று தட்டிக்கொண்டே வந்தார், கடல் காற்றில் டிக்கெட் கையிலிருந்து பறந்தது, அவர் எட்டிப் பிடித்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

அந்த டிக்கெட் இன்னும் இருக்கிறது. இங்கே பலரிடமும் பழைய டிக்கெட் இருக்கும், அதனால் சொல்கிறேன். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். அந்தத் தாள் மிக மெல்லியது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். பர்ஸில் மடித்து வைத்தால் மடிப்பிலேயே கிழியும். அமிலமில்லாத தாள் உறை ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், அதில் ஒவ்வொன்றாகப் போட்டு, வெயில் படாத அலமாரியில், படுக்கை வசமாக வையுங்கள். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போதும். பின்பக்கம் தேதி எழுத வேண்டுமா, பென்சில் மட்டும், அழுத்தாமல். ரூட் நம்பரும் ஏறின இடமும் தனித்தாளில் இருக்கட்டும். பஞ்ச் ஓட்டை எந்த எண்ணில் விழுந்திருக்கிறது என்று பாருங்கள், உங்கள் பயணம் எந்த ஸ்டேஜைச் (கட்டணப் பிரிவைச்) சேர்ந்தது என்பதை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

கண்டக்டர் மகன்

சார், டிக்கெட் பத்திரமாக இருக்கட்டும். அதை எட்டிப் பிடித்தவரைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதுங்கள்.

சீப்ஸ் ஊழியர்

நான் அந்தேரி கிழக்கில் வேலை பார்க்கிறேன். 2023 செப்டம்பர் 15, கடைசி டீசல் மாடி பஸ், ரூட் 415, அகர்கர் சௌக்கிலிருந்து சீப்ஸ் ஏற்றுமதித் தொழிற்பேட்டை வரை. பூமாலை, பலூன் எல்லாம் கட்டியிருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் கையில் செல்போன். அதற்கு நடுவே காக்கி போடாத வயதானவர் ஒருவர் பின்படியில் ஏறி, மேலே போகாமல், ஏணிப்படியின் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். ஏறுகிறவர்களுக்கு வழி விட்டு விட்டு அங்கேயே நின்றார். மேலே வாருங்கள் என்று கூப்பிட்டேன். "என் இடம் இதுதான்" என்று மராத்தியில் சொன்னார்.

மற்றபடி கண்டக்டர் மகன் சொன்ன சம்பளக் கணக்கு மட்டும் காரணம் அல்ல. கடைசி வண்டிகள் 15 வருஷ ஆயுள் முடிந்து நின்றன. திறந்த மாடி வண்டிகளும் அதே வருஷம் அக்டோபர் 5-இல் போய்விட்டன. கேள்வி, ஆயுள் முடிவதற்கு முன்பே அதே மாதிரி வண்டி ஏன் வாங்கவில்லை என்பதுதான்.

கிங்ஸ் சர்க்கிள்காரன்

பெரியவரே, லண்டன் விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எண்ணூர் வண்டி அந்தத் தண்ணீரைக் கடந்தது என்பது எனக்கு இன்னும் சந்தோஷம்.

புது வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். போன வாரம் பேத்தியோடு சி.எஸ்.எம்.டி.யில் ஏறி நரிமன் பாயிண்ட் வரை போனேன். இரண்டு ஏணிப்படி, கதவு மூடிய பிறகுதான் வண்டி நகர்கிறது. கண்டக்டர் மகன் எழுதிய அந்த அம்மாவுக்கு நடந்தது இதில் நடக்காது. ஆனால் முன் ஜன்னலைத் திறக்க முடியாது. பேத்தி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு, "தாத்தா, காத்து எங்கே?" என்றாள்.

மீனா அக்கா, லால்பாக்கில் ஃபிளைஓவருக்குக் கீழே போகும் பஸ் இன்னும் இருக்கிறது. அந்தச் சால் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். கடையோ கோயிலோ பக்கத்தில் ஏதாவது அடையாளம் நினைவிருக்கிறதா?