மின்சாரம் விற்கும் நிறுவனம் விலகினால் வீட்டில் கரண்ட் நிற்குமா?

பாத்தோக்_வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் அம்மாவின் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு மின்சாரம் விற்கும் ஒரு தனியார் நிறுவனத்திடம் 2 வருட நிலையான கட்டணத் திட்டம் எடுத்திருந்தோம். மாதக் கடைசியோடு விலகுவதாக ஈமெயில் வந்துவிட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் 8 மாதம் இருக்கிறது. அம்மாவுக்கு ஆக்சிஜன் இயந்திரம் ஓடுகிறது. கரண்ட் போய்விடுமா? டெபாசிட் கிடைக்குமா? வேறு நிறுவனங்கள் புதிதாக ஆள் எடுக்கவில்லை என்கின்றன. அப்படி மறுக்கலாமா?

கம்பிவேலை:
போகாது, அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். யாரிடம் வாங்கினாலும் கம்பியும் மீட்டரும் மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்துடையவைதான். விற்பவர் விலகினால் கணக்கு எஸ்பிக்கு மாறும், அவ்வளவே. எதையும் கழற்ற ஆள் வரமாட்டார்.

விற்பனை நிறுவனம் புதியவரை மறுக்கலாம். எஸ்பியால் முடியாது. வேறெங்கும் வாங்காத வீட்டுக்கு ஒழுங்குமுறைக் கட்டணத்தில் மின்சாரம் தருவது அதன் கடமை. அந்தக் கட்டணம் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் மேற்பார்வையில் 3 மாதத்துக்கு ஒருமுறை மாறும். இங்கே மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2021 கடைசியில் எரிவாயு விலை ஏறியபோது பல நிறுவனங்கள் விலகின; அந்த வீடுகளும் இப்படித்தான் எஸ்பிக்கு வந்தன. ஆகவே பயந்து கிடைத்த திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்று மட்டும்: இந்தக் கடமை மின்தடையைத் தடுக்காது. இயந்திரம் கொடுத்தவரிடம் மாற்று சிலிண்டர் பற்றி இன்றே கேளுங்கள்.

மீட்டர்_பார்:
தகராறு பெரும்பாலும் கடைசி பில்லில்தான். பழைய மீட்டர் என்றால் ஒரு மாதம் நேரில் படிப்பார்கள், மறு மாதம் உத்தேசமாகப் போடுவார்கள். மாறும் நாளில் உத்தேச எண் விழுந்தால், யாருக்கு எத்தனை யூனிட் என்பது குழம்பும். அன்று காலை வீட்டுக்கு வெளியே இருக்கும் மீட்டரின் எண்ணை, மீட்டர் நம்பரும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஸ்மார்ட் மீட்டர் என்றால் அரைமணி நேர அளவு தானாகப் பதிவாகும்; கவலையில்லை.

அடுத்தது ஜைரோ, அதாவது வங்கிக் கணக்கிலிருந்து பில் பணம் தானாகக் கழியும் ஏற்பாடு. பில் நேராக அந்த நிறுவனத்திடமிருந்து வந்தது என்றால், அவர்களுக்குக் கொடுத்த ஜைரோ எஸ்பிக்குச் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். பணம் கட்டாமல் விட்டால் எஸ்பி துண்டிக்கலாம், அந்த வீட்டில் அது நடக்கவே கூடாது. எஸ்பி பில்லிலேயே எல்லாம் சேர்ந்து வந்திருந்தால் பழைய ஜைரோ போதும்.

ஜூரோங்_ராஜா:
டெபாசிட்டைக் கடைசி பில்லில் கழித்து மீதியைத் தர வேண்டும். முன்கூட்டியே முடித்ததற்கான கட்டணம் போட்டிருந்தால் கட்டாதீர்கள். ஒப்பந்தத்தை முறித்தது அவர்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஆணையத்துக்கு எழுதுங்கள், பயனீட்டாளர் சங்கமான கேஸிடமும் போகலாம். கடைசியாக, ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றம்: 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, 2 ஆண்டுக்குள், வக்கீல் இல்லாமல். 5,000 வெள்ளிக்கு உட்பட்டால் பயனீட்டாளருக்கு மனுக் கட்டணம் 10 வெள்ளி.

அதற்கு முன் நிறுவனம் சந்தையை மட்டும் விட்டதா, கலைப்பில் (நிறுவனத்தையே மூடி, சொத்தை விற்றுக் கடன் தீர்ப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டிருந்தால், அனுமதியில்லாமல் வழக்கு நடக்காது. அந்தக் கலைப்பை நடத்தும் கலைப்பாளரிடம், உங்களுக்கு வரவேண்டிய தொகையைக் காட்டும் கடன் சான்றுப் படிவம் கொடுக்க வேண்டும். அங்கே முழுத்தொகை கிடைப்பது அரிது, தாமதிக்காதீர்கள்.

பாத்தோக்_வாசி:
மிக்க நன்றி. பின்னால் வேறு திட்டத்துக்கு மாறலாமா?

கம்பிவேலை:
எப்போது வேண்டுமானாலும். எஸ்பியின் ஒழுங்குமுறைக் கட்டணத்தில் இருப்பதற்குக் கெடு எதுவும் இல்லை. மாறுமுன் புதிய திட்டத்தின் விவரத்தாளில் ஜிஎஸ்டி சேர்த்த விலையையும், இடையில் விலகினால் எவ்வளவு என்பதையும் பாருங்கள்.