புதுப்பிப்பு: மாலை நேரத்தை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேனே

அலுவலகம் விட்டு வந்தால் மாலை முழுவதும் கைபேசியிலேயே கரைகிறது, உருப்படியாக என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஓட்டம், யோகா, புது மொழி எனப் பலரும் யோசனை சொன்னீர்கள். பார்வையற்ற மாணவர்கள் விடை சொல்லச் சொல்ல, அவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுக்கலாம் என்ற ஒருவரின் பதிலைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு மனமார்ந்த நன்றி.

அப்படி ஒரு மாணவருக்குச் சில வாரங்கள் பாடம் வாசித்துக் காட்டினேன். பிறகு கல்லூரியில் அவருடைய வரலாற்றுத் தேர்வு. அந்தத் தம்பி கேள்வியை இரண்டு முறை வாசிக்கச் சொல்வார். சொல்ல வேண்டியவற்றை விரல்விட்டு எண்ணிக்கொள்வார். பிறகு கால்புள்ளி உட்பட நிதானமாகச் சொல்வார். விடை தெரிந்தாலும் நான் வாய் திறக்கக் கூடாது, ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படி எழுதுபவர் துணையோடு தேர்வெழுதுவோருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரச் சொன்னது. ஆக, மூன்று மணித் தேர்வு நான்கு மணி ஆகிறது. அவ்வளவு நேரம் இன்னொருவரின் சிந்தனையை மட்டுமே பின்தொடர்வதைப் போன்ற மனப்பயிற்சி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை.

விருப்பமுள்ளவர்கள் அருகிலுள்ள கல்லூரியில் கேளுங்கள். சில தேர்வுகளில் எழுதுபவரின் கல்வித் தகுதிக்கு வரம்பு உண்டு. அதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தேர்வுக் காலத்தில் எழுத ஆள் கிடைக்காமல் இந்த மாணவர்கள் படும் பாடு பெரிது.