எம்டி ஐஹெச்பிடி சீட் எடுக்கலாமா?

நைட்ஷிப்ட்:
நீட் பிஜி ரேங்குக்கு மெடிசின் வராதுன்னு தெரிஞ்சு போச்சு, கவுன்சிலிங்ல எம்டி இம்யூனோஹெமட்டாலஜி அண்ட் பிளட் டிரான்ஸ்ஃபியூஷன் (ஐஹெச்பிடி, அதான் பிளட் பேங்க் மேல்படிப்பு) கிடைக்கும் போல. வீட்ல "மூணு வருஷம் படிச்சுட்டு ரத்தப் பையை எண்ணிட்டு உக்காரப் போறியா"ங்கறாங்க. உள்ள என்னதான் வேலை? படிக்கிறவங்க யாராவது சொல்லுங்களேன்.

கூம்ப்ஸ்_பாசிடிவ்:
பை எண்ண ஸ்டோர்ல ஆள் இருக்கு டாக்டர் 😄 நான் இதே பிராஞ்ச் ரெசிடென்ட். ஆட்டோஇம்யூன் ஹீமோலிசிஸ்ல (உடம்போட ஆன்டிபாடியே சொந்த ரத்த செல்லை அழிக்கற நோய்) ஒரு அம்மா, ஹீமோகுளோபின் 4, எந்தப் பையை கிராஸ்மேட்ச் (பேஷண்ட் ரத்தத்தோட ஒத்துப்போகுதான்னு பாக்கற டெஸ்ட்) போட்டாலும் சேரல, வார்டுலேர்ந்து போன் மேல போன், "மேடம் ஏதாவது ஒண்ணு குடுங்க"ன்னு. அவங்க சொந்த செல்லை வச்சே அந்த ஆட்டோஆன்டிபாடியை உறிஞ்சி எடுத்துட்டு, அடியில வேற ஆன்டிபாடி ஒளிஞ்சிருக்கான்னு பாக்கணும். மூணு மாசத்துக்குள்ள ரத்தம் ஏத்தியிருந்தா அதுவும் ஆகாது, பழைய டோனர் செல்லும் அதுல கலந்து கிடக்கும். கடைசியில இருக்கறதுல தேவலாம்னு ஒரு பையை கையெழுத்து போட்டு அனுப்பறது நாமதான். இது போக டிடிபி (சின்ன ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டற நோய்), ஜிபிஎஸ் (நரம்பைத் தாக்கற நோய்) கேஸுக்கு பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் (பேஷண்ட்டோட பிளாஸ்மாவை எடுத்துட்டு வேற ஏத்தறது), ஸ்டெம் செல் கலெக்‌ஷன்னு பேஷண்ட் பக்கத்துலயே நிக்கற வேலையும் உண்டு.

லேப்_அண்ணாச்சி:
நான் டெக்னீஷியன். 1952ல பெண்டே டீம் கண்டுபிடிச்ச பாம்பே குரூப்னு ஒரு அபூர்வ ரத்த வகை இருக்கே, செல் குரூப்பிங் மட்டும் பாத்தா சாதா ஓ மாதிரிதான் தெரியும், பேஷண்ட் சீரத்துல ஓ செல்லையும் போட்டா அதோடயும் ஒட்டும், நிஜ ஓ-ன்னா ஒட்டாது. ராத்திரி அந்த டியூப் கையில இருக்கும்போது கூப்பிட ஒரு ஐஹெச்பிடி டாக்டர் இருந்தா எங்களுக்கு உசுரு வரும்.

பழைய_பேத்தாலஜி:
எல்லாம் சரி தம்பி, வேலையையும் யோசிங்க. சொந்த கிளினிக் போட்டு பொழைக்கற பிராஞ்ச் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சு பிளட் பேங்க்ல ஒரு வருஷம் அனுபவம் இருந்தாலே மெடிக்கல் ஆபீசரா வைக்கலாம்னு ரூல்ஸ்லயே இருக்கு, அதனால சின்ன இடத்துல எம்டிக்கு சம்பளம் குடுக்க யோசிப்பாங்க. டிரான்ஸ்பிளான்ட் நடக்கற பெரிய ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ்னா மதிப்பு வேற. வேலூர் சிஎம்சி மாதிரி கிடைச்சா கண்ணை மூடிட்டு சேருங்க. வேற காலேஜ்னா ஆன்டிபாடி பேனல் (எந்த ஆன்டிபாடின்னு கண்டுபிடிக்கற டெஸ்ட்) போடறாங்களா, அபெரெசிஸ் மெஷின் (ரத்தத்துல வேணுங்கற பகுதியை மட்டும் பிரிச்செடுக்கறது) ஓடுதா, இல்ல துணி போத்தி வச்சிருக்காங்களான்னு விசாரிச்சுக்கோங்க.

நைட்ஷிப்ட்:
ரொம்ப தேங்க்ஸ் சார். எனக்கு வர்ற காலேஜ்ல ஒரு சீனியரை பிடிச்சு கேக்கறேன்.

கூம்ப்ஸ்_பாசிடிவ்:
மாசம் எத்தனை ஞாயித்துக்கிழமை ரத்ததான கேம்புக்கு அனுப்புவாங்கன்னும் சேத்து கேளுங்க.